உடைந்த களிமண் சுங்கான், அதைச் செய்த ஆங்கிலேயர்: ஒரு தொழில் வாழ்க்கையைத் தேடிப் பிடிக்கும் வழி

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை புகையிலை பிடித்தவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது வெள்ளைக் களிமண் சுங்கான் (பைப்) தான். விலை மலிவு, கீழே விழுந்தால் உடையும், உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவார்கள். அதனால்தான் தேம்ஸ் கரையிலும், பழைய வீடுகளின் தோட்டத்திலும், வயல் உழும்போதும் அதன் துண்டுகள் இன்றும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. லண்டனில் குடியேறிய பிறகு இந்தத் துண்டுகள்மேல் எனக்கு ஏற்பட்ட ஈடுபாடு கொஞ்சமல்ல. துண்டை அழகுப் பொருளாகச் சேர்ப்பவர்கள் நிறைய பேர் உண்டு. எனக்கு அதைச் செய்த ஆளைத் தெரிய வேண்டும்: எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார், யாரைக் கட்டிக்கொண்டார், பட்டறை கடைசியில் யார் கைக்குப் போனது?

இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும். ஒரே நிபந்தனை, வரிசை மாறக்கூடாது. முதலில் துண்டின் காலத்தைத் தீர்மானியுங்கள். அதற்குப் பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். துண்டில் பொறித்திருக்கும் பெயரின் முதலெழுத்தைப் பார்த்ததும் இணையத்தில் தேடி, முதலில் வரும் பெயரை ஒட்டிவிடுவது இந்தத் துறையில் நடக்கும் பெரிய அநியாயம். வேறு யாரோ ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

துண்டு கையில் வருமுன்

தேம்ஸ் ஆற்றில் டெடிங்டனிலிருந்து தேம்ஸ் தடுப்பணை வரையுள்ள கரையில் எதையும் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். தோண்டுவதற்கு மட்டுமல்ல, மேலாகக் கிடப்பதைக் கண்ணால் தேடி எடுப்பதற்கும் இது பொருந்தும். 300 வருடத்துக்கு மேல் பழமையான, தொல்லியல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் லண்டன் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே இருக்கும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், காத்திருங்கள். லண்டனில் ஆற்று நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, வித்தியாசம் 7 மீட்டர் வரை போகும். அதனால் ஓத நேரத்தைப் பார்க்காமல், ஏறிவரும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இறங்கவே கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பழைய வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கே கிடைத்தது என்று தெரிந்த துண்டுதான் நமக்கு வேண்டும். சந்தையில் ஒரு பெட்டி நிறையக் கொட்டி விற்கும் துண்டுகள், எவ்வளவு அழகாக இருந்தாலும், தேடலுக்கு உதவாது. பெரும்பாலான சுங்கான்கள் செய்த பட்டறைக்குப் பக்கத்திலேயே விற்றுப் போயின. கண்டெடுத்த இடம்தான் எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறப்பது என்று சொல்லும். பிரிஸ்டல், லண்டன் போன்ற துறைமுகங்கள் மட்டும் இதற்கு விலக்கு. 1692 நிலநடுக்கத்தில் கடலுக்குள் போன ஜமைக்காவின் போர்ட் ராயலில் பிரிஸ்டல்காரர்கள் செய்த சுங்கான்கள் கிடைத்திருக்கின்றன.

கழுவுவதற்குத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். அமிலம், பிளீச்சிங் திரவம் எதுவும் வேண்டாம். கிண்ணத்துக்குள் ஒட்டியிருக்கும் கரியைச் சுரண்டாதீர்கள், அதுவும் சான்றுதான்.

துண்டைப் படித்தல்

சுங்கானில் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: புகையிலை வைக்கும் கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பு, கிண்ணத்துக்கு அடியில் குமிழ்போல நிற்கும் குதி (சிலவற்றில் இது கூராக முள்போல இருக்கும்), அப்புறம் தண்டு.

கிண்ணம்தான் காலத்தை நன்றாகச் சொல்லும். ஆரம்ப காலத்தில் புகையிலை மிக விலை உயர்ந்தது. அதிலும் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் புகையிலை என்றாலே ஆகாது. 1604-ல் ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்ஸாக இருந்த வரியோடு இன்னும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் ஏற்றிவிட்டார். அதனால் அந்தக் காலத்துக் கிண்ணம் சின்னஞ்சிறியது, சுண்டுவிரல் நுனிகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். நடுவில் உப்பி, பீப்பாய் வடிவில், முன்பக்கம் சாய்ந்திருக்கும். புகையிலை மலிய மலியக் கிண்ணம் பெருத்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீண்டு உயர்ந்தது. 1700-க்குப் பிறகு சுவர் மெலிந்து, கிண்ணம் நிமிர்ந்து, விளிம்பு தண்டுக்கு இணையாக வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில், அச்சின் இரு பாதியும் சேரும் இடத்தில் விழும் ஒட்டு வரியின்மேல் இலைக்கொத்து, இறகு, கப்பல் என்று அச்சிலேயே அலங்காரம் வந்தது. தண்டில் முழுப் பெயரும் ஊரும் பொறிப்பதும் அப்போது பரவலானது.

விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு வரி ஓடுகிறதா என்று பாருங்கள். 17ஆம் நூற்றாண்டுச் சுங்கான்களில் அது இருக்கும். முதலில் விளிம்பு முழுக்கச் சுற்றி வந்த வரி, பிறகு பாதி, கால் என்று குறைந்து, 1710 வாக்கில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. லண்டன் கிண்ணங்களை வடிவ வாரியாக அடுக்கிய அட்டவணை ஒன்று 1969-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. துண்டைப் பக்கவாட்டில் படமெடுத்து அதோடு ஒப்பிட்டால் நாற்பது ஐம்பது வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம். மற்ற ஊர்த் துண்டுக்கு அந்தந்த ஊர் அட்டவணையைத் தேட வேண்டும். ஊருக்கு ஊர் வடிவம் மாறும்.

வெறும் தண்டு மட்டும் கிடைத்தால்? துளையை அளக்கலாம். காலம் போகப் போகச் சுங்கான் நீண்டது. அது நீள நீள, செய்யும்போது துளைக்காக உள்ளே செருகும் கம்பி மெலிந்தது, துளையும் சிறுத்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954-ல் இதை அட்டவணையாக்கினார்: 9/64 அங்குலம் என்றால் 1590–1620, 8/64 என்றால் 1620–1650, 7/64 என்றால் 1650–1680, 6/64 என்றால் 1680–1720, 5/64 என்றால் 1720–1750, 4/64 என்றால் 1750–1800. அளப்பதற்குத் தனிக்கருவி எதுவும் வேண்டாம். இந்த அளவுகளில் துளைபோடும் டிரில் பிட்டுகளை வாங்கி, வெட்டும் முனையை விட்டுவிட்டு வழவழப்பான அடிப்பக்கத்தை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். தட்டுத்தடங்கல் இல்லாமல் போகும் பெரிய அளவுதான் விடை. பின்ஃபோர்ட் என்பவர் 1962-ல் இதைச் சூத்திரமாக்கினார்: 1931.85-லிருந்து, சராசரித் துளையின் அளவை 38.26-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அளவு 64-ல் எத்தனை பங்கு என்ற கணக்கில். சராசரி 7 வந்தால் விடை 1664. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு தண்டுக்கு இந்தக் கணக்கைப் போடுவதில் பயனில்லை. ஒரே இடத்தில் கிடைத்த ஒரு குவியலுக்குத்தான் இது பொருந்தும். 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வந்தால் சூத்திரமே தடுமாறுகிறது.

முத்திரையும் அச்சும்

இப்போது குதியைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் குதியின் அடியில் முத்திரை குத்தினார்கள்: எழுத்து, பூ, கை, சக்கரம். வில்ட்ஷயரின் ஏம்ஸ்பரியிலிருந்து வந்த போர்க்கையுறை முத்திரைக்கு அப்போதே பெரிய பெயர். பெயர் கிடைத்ததும் மற்ற ஊர்க்காரர்களும் அதே கையுறையைக் குத்த ஆரம்பித்துவிட்டார்கள். கையுறையைப் பார்த்ததும் ஏம்ஸ்பரி என்று எழுதிவிடாதீர்கள். 17ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்திலிருந்து லண்டனில் குதியின் இரு பக்கமும் அச்சிலேயே எழுத்து வந்தது. புகைப்பவர் பிடிப்பதுபோல, தண்டு உங்களை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். இடது பக்கம் இருப்பது ஆளின் பெயர், வலது பக்கம் குடும்பப் பெயர்.

என் மேசையில் இப்போது இருப்பது அப்படி ஒரு துண்டு. இடப்பக்கம் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து, வலப்பக்கம் ‘பி’, இரண்டுக்கும் மேலே ஒரு சின்ன கிரீடம். நேர்வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை மேட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சைத் துண்டின் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்கு வைத்தேன். எழுத்தின் நிழல் எழுந்து நின்றது. கிரீடத்தின் மூன்று முனைகளில் ஒன்று மழுங்கியிருக்கிறது. ‘பி’யின் கீழ்ப்பாதியிலிருந்து ஒரு மயிரிழைக் கோடு குதியின் ஓரம்வரை ஓடுகிறது. அந்தக் கோடு கீறல் அல்ல, மேடு. களிமண்ணில் மேடு என்றால் இரும்பு அச்சில் பள்ளம். அச்சில் ஏதோ உரசிக் கீறியிருக்கிறது. அந்த அச்சில் அதற்குப் பிறகு வந்த அத்தனை சுங்கானிலும் இதே மயிரிழை இருக்கும். இன்னொரு துண்டில் இதே கோட்டைக் கண்டால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை என்று அடித்துச் சொல்லலாம். பெயரைவிட உறுதியான சான்று இது.

அச்சைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பாதியாகச் செய்த இரும்பு அச்சுதான் பட்டறையில் விலை மதிப்புள்ள பொருள். இரும்புச்சத்து குறைவானதால் சுட்டாலும் வெளுப்பாக நிற்கும் டார்செட், டெவன் களிமண்ணை அடித்துப் பிசைந்து, குமிழ்த்தலை வைத்த நீளத் திரியாக உருட்டி, எண்ணெய் தடவிய கம்பியைத் தண்டு நெடுக நுழைத்து, கம்பியோடு அச்சில் கிடத்தி நெருக்குவார்கள். நெம்புகோலில் பொருத்திய முளை இறங்கிக் கிண்ணத்தைக் குடையும். கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளினால் கிண்ணத்துக்குள் துளை திறக்கும். வெளியே எடுத்துச் சற்றுக் காயவிட்டு, ஒட்டு வரியைச் சீவி வழவழப்பாக்கி, நெருப்பு நேராகப் படாமல் காக்கும் மண் உறைக்குள் அடுக்கிச் சூளையில் சுடுவார்கள். அச்சு பல ஆண்டுகள் உழைக்கும். அதைச் செய்வித்தவர் இறந்த பிறகும் மகனோ, மனைவியோ, விலைக்கு வாங்கிய அடுத்த ஊர்க்காரரோ அதே எழுத்தோடு சுங்கான் அடித்துக்கொண்டிருக்கலாம். சில அச்சுகளில் பழைய எழுத்தை அராவிவிட்டுப் புதிய எழுத்து வெட்டியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் பழையதின் தடம் மங்கலாகத் தெரியும்.

இன்னொன்று. பயிற்சியில் இருந்த பையனும், பயிற்சி முடித்துக் கூலிக்கு வேலை பார்த்தவரும் செய்த சுங்கானில் முதலாளியின் முத்திரைதான் விழும். ஆக, களிமண்ணில் நமக்குத் தெரிவது ஒருவர் தொழில் வாழ்க்கையின் நடுப்பகுதி மட்டும்: சொந்தப் பட்டறை வைத்த நாளிலிருந்து அதை விட்ட நாள்வரை. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் காகிதத்திடம்தான் போக வேண்டும்.

காகிதத்துக்குள் இறங்குதல்

என் துண்டின் கிண்ணம் நிமிர்ந்தது, மெல்லிய சுவர், விளிம்பில் பல்வரி இல்லை. 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியும் அதன் அக்கம்பக்கமும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது சொந்தப் பட்டறை வைத்திருந்தவர் 21 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். அப்படியென்றால் 1660-களிலிருந்து 1730 வரை பிறந்த ஒருவரைத் தேடுகிறேன். எழுத்து ‘ஐ’ என்பதால் பெயர் ஐசக் என்று முடிவுகட்டக் கூடாது. அந்தக் காலத்தில் ‘ஜே’ ஒலிக்கும் அதே எழுத்தைத்தான் வெட்டினார்கள். ஜான், ஜேம்ஸ், ஜோசப், ஜேக்கப் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். ஜோன், ஜேன் என்ற பெண்களையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தந்த வட்டாரத்துக்கு ஆய்வாளர்கள் தொகுத்து வைத்திருக்கும் சுங்கான் கைவினைஞர் பட்டியலைப் பாருங்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசியச் சுங்கான் ஆவணக் காப்பகம் நல்ல தொடக்கம். பட்டியலில் எழுத்தும் காலமும் ஒத்துப்போகும் எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பெயரைக்கூட மனசுக்குப் பிடித்ததென்று மேலே தூக்கி வைக்க வேண்டாம். அடுத்து ஒவ்வொருவருக்கும் தொழில் பயின்ற பதிவைத் தேடுங்கள்.

1563 சட்டப்படி ஒரு கைத்தொழில் செய்ய ஏழு வருடப் பயிற்சி கட்டாயம். 1814-ல்தான் அந்த விதி நீங்கியது. லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் சுங்கான்காரர்களுக்கு 1619-ல் முதலாம் ஜேம்ஸே சாசனம் கொடுத்தார். புகையிலையை வெறுத்த அதே மன்னர்தான்! பிரிஸ்டலில் அவர்களுக்கென்று சங்கம் அமைந்தது 1652-ல். 1710 முதல் 1811 வரை பயிற்சி ஒப்பந்தத்துக்கு அரசு வரி வாங்கியது. அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஐஆர் 1’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. முதலாளி பெயர், ஊர், தொழில், பையன் பெயர், கொடுத்த பணம் எல்லாம் இருக்கும். 1750 வாக்குவரை தந்தை பெயரும் பெரும்பாலும் கிடைக்கும். வரியைத் தாமதமாகக் கட்டவும் இடமிருந்தது. அதனால் பதிவான தேதியைப் பயிற்சி தொடங்கிய தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தர்ம நிதியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வரி இல்லை, அவர்கள் இந்த ஏட்டில் வரமாட்டார்கள். சுங்கான் தொழிலுக்கு வந்த பிள்ளைகளில் ஏழைகள் அதிகம் என்பதால் பெயர் இல்லையென்றதும் கைவிட்டுவிடாதீர்கள்.

பிரிஸ்டல் துண்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த நகரத்தின் பயிற்சிப் பதிவேடு 1532-ல் தொடங்குகிறது. அதில் பையனை முதலாளியிடம் மட்டுமல்ல, முதலாளியின் மனைவியிடமும் சேர்த்தே ஒப்படைத்தார்கள், இரண்டு பெயரும் எழுதியிருக்கும். ஒரு முதலாளி அடுத்தடுத்துச் சேர்த்த பையன்களின் பதிவுகளை வரிசையாக வைத்தால், மனைவி பெயர் எந்த வருடம் மாறுகிறது என்று தெரியும். முதல் மனைவி இறந்ததும் மறுமணமும் அந்த இடைவெளிக்குள் நடந்திருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் எந்த வருடங்களைப் புரட்டுவது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். நகரத்தில் தொழில் நடத்தும் உரிமை பெற்றவர்களின் ஏடு தனி. அதில் உரிமை எந்த வழியில் வந்தது என்று குறித்திருப்பார்கள்: பயிற்சி முடித்து, தந்தை வழியில், பணம் கட்டி, அல்லது உரிமை பெற்ற ஒருவரின் மகளையோ விதவையையோ மணந்து. கடைசி வழியைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பட்டறை, அச்சு, வாடிக்கையாளர் எல்லாம் அந்தப் பெண்ணோடு வந்திருக்க வாய்ப்புண்டு.

ராபர்ட் டிப்பெட் என்ற பெயரை வைத்து இதைச் சொன்னால் புரியும். பிரிஸ்டலில் 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தப் பெயரில் மூன்று தலைமுறை சுங்கான் செய்தார்கள். கிண்ணத்தின் பக்கத்தில் வட்டத்துக்குள் பெயரையே பொறித்தார்கள். அவர்கள் சரக்கு அட்லாண்டிக் கடந்து போனது. முதல் ராபர்ட் போன பிறகு அவர் மனைவி ஜோன் தொழிலை விடாமல் நடத்தினார். முத்திரை முழுப் பெயரையே சொன்னாலும் எந்த ராபர்ட் என்பதைக் கிண்ண வடிவம்தான் சொல்ல வேண்டும். ஜோன் நடத்திய ஆண்டுகளில் வந்த சரக்கும் அந்தப் பெயரைத்தானே சுமந்திருக்கும்! பெண்களைத் தேடாமல் எழுதும் சுங்கான் வரலாறு பாதி வரலாறுதான் என்பது என் உறுதியான எண்ணம். அச்சில் அடித்தவர் ஆணாக இருந்தாலும் ஒட்டுச் சீவி மெருகேற்றியது பெரும்பாலும் பெண்கள். 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில் அவர்களை அந்த வேலைப் பெயரோடே பார்க்கலாம்.

தேவாலயப் பதிவேடுகளைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ல். பதிவேட்டில் ‘1720 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. இது தெரியாவிட்டால் பிள்ளை பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறந்ததாகக் கணக்கு வந்து குழம்புவீர்கள். இரண்டாவது, ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலை எழுதுவது 1813 முதல்தான் கட்டாயம். அதற்கு முன் எழுதும் குமாஸ்தாவின் விருப்பம்.

உயில் பார்ப்பது எல்லோரும் செய்வது. உயிலைவிடப் பயனுள்ளது சொத்துக் கணக்கு. ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போய், அறை அறையாக இருப்பதையெல்லாம் எழுதி விலை மதிப்பிடுவார்கள். சமையலறைப் பாத்திரம், படுக்கை, அப்புறம் பட்டறை: எத்தனை அச்சு, எவ்வளவு களிமண், சுட்டது எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் 12 டஜன்), சுடாதது எத்தனை, யாரிடம் கடன் பாக்கி. 17ஆம் நூற்றாண்டுக்கும் 18-ன் முற்பகுதிக்கும் இவை ஓரளவு கிடைக்கும், பிறகு அருகிவிடும். பெரிய சொத்துக்காரர் உயில்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத் தொகுப்பில் இருக்கும். சுங்கான்காரரைக் கீழ்நிலைத் தேவாலய நீதிமன்ற ஆவணத்தில், அந்தந்த மாவட்டக் காப்பகத்தில் தேடுவதே பலன் தரும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குடியிருப்பு விசாரணை. 1662 சட்டத்துக்குப் பிறகு, வறுமையில் விழுந்து உதவி கேட்பவரை எந்த ஊர்ப் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்) தாங்க வேண்டும் என்பதில் ஊர்களுக்குள் ஓயாத வழக்கு. அதைத் தீர்க்க அவரை நீதிபதிகள் முன் நிறுத்தி, சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார்கள். எங்கே பிறந்தாய்? யாரிடம் தொழில் கற்றாய்? ஏழு வருடமும் முடித்தாயா, நடுவில் ஓடிவிட்டாயா? முழு வருடக் கூலிக்கு எங்காவது இருந்தாயா? வருடம் 10 பவுண்டு வாடகை கொடுத்த வீடு உண்டா? மனைவி யார், பிள்ளைகளுக்கு என்ன வயது? பதிலை எழுதிப் படித்துக் காட்டி, அடியில் கையெழுத்தோ கைநாட்டுக் குறியோ வாங்குவார்கள். பட்டறை வைக்காமலே கூலியாக ஊர் ஊராகப் போன, எந்த முத்திரையும் விட்டுப்போகாத சுங்கான்காரரின் முழு வாழ்க்கையும் இந்த அரைப் பக்கத்தில் கிடைக்கும். துண்டிலிருந்து இவரை எட்டவே முடியாது. தொழில் பெயரை வைத்து இந்த விசாரணைகளைத் தேடுவதற்கு மாவட்டக் காப்பகங்களின் அட்டவணையில் ஒரு நாளைக்காவது ஒதுக்குங்கள். லண்டன் என்றால் ஓல்டு பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகளையும் (1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசம்) தேடிப் பாருங்கள். சாட்சியாகவோ, திருட்டுக் கொடுத்தவராகவோ, குற்றவாளியாகவோ சுங்கான்காரர்கள் அங்கே வாய் திறந்து பேசுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டு வேலை எளிது. 1837 ஜூலை முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயரோடு மக்கள்தொகைக் கணக்கு. 1841-ல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகத் தெரிவார். 1851 முதல் பிறந்த ஊரும் வரும். பத்தாண்டுக்கொரு கணக்கை அடுக்கினால் அந்தத் தொழில் தேய்ந்ததும் கண்ணுக்குத் தெரியும்: வேர்க்கட்டைச் சுங்கானும் சிகரெட்டும் பெருகப் பெருக, தந்தை சுங்கான்காரர், மகன் கூலி, பேரன் ரயில்வே.

ஆளைச் சுருக்கிக்கொண்டு வருதல்

இனி உங்கள் தாளில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கழியுங்கள். துண்டின் காலத்துக்கு முன்பே அடக்கமானவரை அடியுங்கள், ஆனால் அச்சு மனைவி கைக்குப் போயிருக்குமா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். அந்த வட்டாரத்தில் வாழவே இல்லாதவரையும் அடியுங்கள். என் ‘ஐ, பி’க்கு இன்னும் இருவர் மிச்சம். இருவரும் ஒரே காலத்தவர். இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன். அதே மயிரிழைக் கோட்டோடு இன்னொரு துண்டு, இருவரில் ஒருவருடைய பட்டறை இருந்த தெருவுக்குப் பக்கத்தில் கிடைத்தால் ஒரு பெயர் போய்விடும். அதுவரை இரண்டும் இருக்கட்டும்.

எழுதும்போது வருடம் இடப்பக்கம், நடந்தது நடுவில், எந்த ஆவணம் என்பது வலப்பக்கம். ஆவணம் சொல்வதைக் கறுப்பு மையில், நீங்கள் ஊகித்ததைப் பென்சிலில் எழுதுங்கள். பயிற்சியில் சேர்ந்தது, உரிமை பெற்றது, திருமணம், முதல் பையனைச் சேர்த்தது, இடம் மாறியது, அடக்கம், பட்டறை யாருக்கு. இடையில் பத்து வருடம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுங்கள்.

துண்டை ஜிப் பையில் போட்டு, கண்டெடுத்த இடம், தேதி, கரையில் எந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இரு பக்கமும், குதியின் அடியும், விளிம்பும் அளவுகோலோடு படமெடுங்கள். துளை அளவைச் சேர்த்து, உங்கள் காலவரிசைத் தாளின் நகலோடு தேசியச் சுங்கான் காப்பகத்துக்கோ அந்த வட்டார அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். இந்தத் தொழிலின் கருவிகளைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஷ்ராப்ஷயரில் உள்ள ப்ராஸ்லிக்குப் போங்கள். ஊர் முழுக்கச் சுங்கானுக்குப் பெயர் போன இடம் அது. அங்கே ஒரு பழைய பட்டறையை அச்சு, நெம்புகோல், சூளை எல்லாவற்றோடும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் திறந்திருக்கும் நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.